செல்லுலாய்டு சீப்புகளை மூடிய கண்ணாடிப் பேழையில் வைக்கலாமா?

கேள்வி:
எங்கள் சிறு அருங்காட்சியகத்தில், ஆமையோடு போலத் தோன்றும் 1920களின் செல்லுலாய்டு (பழைய வகைப் பிளாஸ்டிக்) சீப்புகளையும் பித்தளைப் பிடியுள்ள கைக்கண்ணாடி ஒன்றையும் ஒரே பேழையில் வைத்திருக்கிறோம். பித்தளையில் பச்சை படிகிறது. பேழையை இன்னும் இறுக்கமாக மூட வேண்டுமா?

மறுமொழி:
இறுக்கமாக மூடுவதுதான் ஆபத்து. செல்லுலாய்டிலுள்ள செல்லுலோஸ் நைட்ரேட் சிதையும்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி, பித்தளையை அரிப்பதோடு சீப்பின் சிதைவையும் விரைவுபடுத்துகின்றன. ஆகவே கைக்கண்ணாடியை உடனே பிரித்துவிட்டு, பேழைக்குள் காற்றோட்டம் ஏற்படுத்துங்கள். அது இயலாவிட்டால் வாயுக்களை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கரியை உள்ளே வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். பொருள்மீது விழும் ஒளி 50 லக்சை (ஒளியை அளக்கும் அலகு) தாண்ட வேண்டாம். விளக்கு பேழைக்கு வெளியே இருக்கட்டும், வெப்பம் இதற்கு ஆகாது.

மற்றொரு மறுமொழி:
நண்பர் கூறியது செல்லுலாய்டுக்குப் பொருந்தும்; எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் அதை விதியாக்கிவிடாதீர்கள். பிசுபிசுக்கத் தொடங்கிய பி.வி.சி. பொம்மையைக் காற்றோட்டத்தில் வைத்தால், அதை நெகிழ்வாக வைத்திருக்கும் சேர்மம் மேலும் வெளியேறிவிடும் என்பதால், அதைக் கண்ணாடிக்குள் மூடி வைப்பதே நல்லது.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. சீப்புகளில் கற்பூர மணம் வீசுகிறதே, அதுவும் சிதைவின் அறிகுறியா?

மறுமொழி:
செல்லுலாய்டில் கற்பூரம் சேர்த்தே செய்வார்கள். அந்த மணம் மட்டும் கவலைக்குரியதன்று. நுண்விரிசல்களோ காரமான நெடியோ தென்பட்டால், எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால், குளிர்ந்த தனியிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.