புதுப்பிப்பு: எக்சென்ட்ரிக் சைக்கிளால் வந்த தொடை வலி சரியானது

மோட்டார் சுற்றும் பெடலைக் காலால் தடுக்கும் எக்சென்ட்ரிக் சைக்கிளை முதல் நாளே 20 நிமிடம் செய்துவிட்டு, மூன்று நாள் படியிறங்க முடியாமல், என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வலி அடங்கியதும் 5 நிமிடம், மிகக் குறைந்த விசையில் தொடங்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. வாரம் இரண்டு முறை, மெல்லக் கூட்டினேன். இரண்டாவது வாரத்திலிருந்து அந்த வலி இல்லை. பெடலைத் தடுக்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது; அந்த வேலைக்குத் தசை ஒருமுறை பழகினால், அடுத்த முறை சேதம் குறைகிறது.

எதிர்பாராதது, மூச்சே வாங்கவில்லை. 1952இலேயே இரண்டு சைக்கிள்களை எதிரெதிரே சங்கிலியால் பிணைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் தடுக்க, மிதிப்பவரைவிடத் தடுப்பவருக்கு ஆக்சிஜன் செலவு குறைவு என்று காட்டியிருக்கிறார்கள். அப்புறம், முதலில் கால் வெட்டி வெட்டித்தான் தடுத்தது. எப்போது, எவ்வளவு அழுத்துவது என்று நரம்பு மண்டலம் கற்றபின் சீரானது. 8 வாரத்தில் தொடைச் சுற்றளவு மாறவில்லை, ஆனால் படியிறங்கும்போது முழங்கால் உறுதியாக நிற்கிறது.