கூத்து பார்த்து அழுதவர் உண்டா?

கேள்வி: ஆரணிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் கர்ண மோட்சம் கூத்து பார்த்தேன். தெரிந்த கதைதான், ஆனாலும் போருக்குக் கிளம்பும் கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி மறித்துப் பாடும்போது, அதுவும் புடவை கட்டிய ஆண் ஒருவர் தொண்டை கம்மிப் பாடும்போது, பொலபொலவென்று கொட்டிவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். உங்களுக்கும் இப்படி ஆகுமா?

குடியாத்தத்தான்: எங்கள் ஊரில் அழாதவனைத்தான் தம்பி திரும்பிப் பார்ப்பார்கள்! பாதி வேலை முகவீணையுடையது. சின்னக் குழல்தான், பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில்கூட அது விடாமல் அழும்.

செய்யாறு அக்கா: முகாரி ராகத்தில் இழுத்தால் யார் தாங்குவது? அப்புறம், பாரதப் போரின் கடைசி நாள் கூத்தான பதினெட்டாம் போர் முடிந்து, காலையில் துரியோதனன் விழும் படுகளத்துக்குப் போய்ப் பாருங்கள். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், பக்கத்தில் ஒப்பாரி. அவனுக்காகவும் நான் அழுதிருக்கிறேன், என்ன செய்ய.