நாளுக்கு நான்கு நிமிடம் முந்திக்கொண்ட பாலம்

நில அளவையாளர், ஈசூன்:

பாலங்களின் அசைவைச் செயற்கைக்கோள் துணையோடு அளக்கும் வேலையில் நம்மவர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள் என்று தெரியும். அவரவர் பட்ட பாட்டைச் சொல்லுங்கள். என் மானம் போன கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் ஒரு மேம்பாலத்தை ஒட்டி நிலத்தடி வேலை நடந்தது. பாலம் எங்கேயாவது இறங்குகிறதா, சாய்கிறதா என்று இரவு பகலாகக் கவனித்துச் சொல்வது எங்கள் பொறுப்பு. தூண்களில் ஒளியைத் திருப்பியனுப்பும் பிரிஸம் ஒட்டி, கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் அளந்தோம். தளத்தின் நடுப்பகுதியில், கைப்பிடிச் சுவரின் மேல் இரண்டு ஜிபிஎஸ் ஆண்டெனாக்களைப் பொருத்தினோம்.

ஒரு புதன்கிழமை மாலை 6.10 மணிக்குக் கைப்பேசி அலறியது. ஒரு ஆண்டெனா இரண்டு சென்டிமீட்டர் மேலே போயிருந்தது. இருபது நிமிடத்தில் ஒன்றும் நடக்காதது போலப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “மாலை நெரிசல், லாரிகளின் பாரம், வேறென்ன?” என்றார். பாரம் ஏறினால் பாலம் இறங்கத்தானே வேண்டும், எழும்புமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சாலை வெறிச்சோடிக் கிடந்தது. அன்றும் பாலம் எழும்பியது.

அன்றிரவு கோப்பிக் கடையில் உட்கார்ந்து நேரங்களை ஒரு தாளில் எழுதினேன். 6.10, 6.06, 6.02, 5.58, 5.54. நாளுக்கு நான்கு நிமிடம் முந்திக்கொண்டே வந்தது. எந்த லாரிக்காரர் இவ்வளவு ஒழுங்காக ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முன்னதாகக் கிளம்புவார்? கோப்பி ஆறிப்போனது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு நட்சத்திர நாளில் இரண்டு முறை பூமியைச் சுற்றுகின்றன. நட்சத்திர நாள் என்பது நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒருமுறை தன்னைச் சுற்ற எடுக்கும் நேரம். அது நம் கடிகார நாளைவிட நான்கு நிமிடம் குறைவு: 23 மணி 56 நிமிடம். இன்று ஒரு செயற்கைக்கோள் வானத்தில் நின்ற இடத்துக்கு நாளை நான்கு நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். அப்படியென்றால் என் பாலம் எழும்பவே இல்லை. ஏதோ ஒரு கோளின் அலை எதிலோ பட்டுத் திரும்பி வந்து ஆண்டெனாவை ஏமாற்றியிருக்கிறது.

விடிந்ததும் மேலே போய்ப் பார்த்தேன். ஆண்டெனாவிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி, பளபளவென்று ஒரு தகரத் தடுப்பு. அந்தப் புதன்கிழமை காலையில்தான் யாரோ நிறுத்தியிருந்தார்கள். நேராக வரும் அலையோடு இந்த எதிரொலி கலந்தால் கணக்கு பிசகும். அலையின் நீளம் 19 சென்டிமீட்டர்; எதிரொலியால் அதில் கால்பங்கு வரை பிழை வரலாம். தடுப்பை நகர்த்திவைத்தோம். பாலம் அடங்கிவிட்டது.

நட்சத்திரம் பார்க்காமல் பால்கூடக் காய்ச்சாத என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். “இத்தனை வருடமாக நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன்?” என்றார்.

கட்டுமானப் பொறியாளர், சுவா சூ காங்:

அண்ணா, உங்களை வானம் ஏமாற்றியது. என்னை ஏமாற்றியது தரை.

நான் வேலை பார்த்த இடத்தில் எட்டு மாதமாகப் பாலத்தின் இரு முனைகளும் நடுப்பகுதியும் சேர்ந்து மெல்ல மெல்ல உயர்ந்தன. மொத்தம் ஒன்றரை சென்டிமீட்டர். இதற்கென்று நான்கு கூட்டம் போட்டோம். மண் உப்புகிறதோ என்றார் ஒருவர். தாங்கிகளில் கோளாறு இருக்குமோ என்றார் இன்னொருவர். பாலம் முழுவதும் ஒரே அளவு, ஒரே சீராக உயர்கிறதே, அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த முறையில் பாலத்தின் மேலுள்ள ஆண்டெனாவை, அசையாத இடத்திலுள்ள இன்னொரு ஆண்டெனாவோடு ஒப்பிட்டே அளக்கிறோம். எங்கள் அடிப்படை ஆண்டெனா எங்கே நின்றது தெரியுமா? தள அலுவலகத்தின் பக்கத்தில், கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில், ஒரு சிறிய கான்கிரீட் கட்டையின் மேல். மின்சாரம் பக்கத்திலேயே கிடைத்தது என்பதுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த ஒரே காரணம். தூர்த்த மண் பல ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே இருக்கும் என்பது இந்தத் தீவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கட்டை இறங்க இறங்க, கணக்கில் பாலம் வளர்ந்தது.

சிங்கப்பூர் நில ஆணையம் 2006 முதல் நிலையான அடிப்படை நிலையங்களின் வலையமைப்பை நடத்துகிறது. அதோடு ஒரு நாள் முழுக்க ஒப்பிட்டுப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. முதல் மாதமே செய்திருக்க வேண்டிய வேலை. இப்போதெல்லாம் எந்தத் தளத்துக்குப் போனாலும் பாலத்தைப் பார்ப்பதற்கு முன் அடிப்படை ஆண்டெனாவின் காலடியைத்தான் பார்க்கிறேன்.

தரவுப் பகுப்பாய்வாளர், பொங்கோல்:

என் கதையில் ஏமாந்தவர் ஐரோப்பாவிலிருந்து வந்த ஆலோசகர். அங்கே பல பாலங்களில் பழகியவர். “இரவில்தான் வெப்பம் அடங்கும், இரவுத் தரவையே நம்புங்கள்” என்றார். நல்ல அறிவுரைதான், அவருடைய ஊருக்கு.

நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றே கால் டிகிரி சொச்சத்தில் இருக்கிறோம். இந்தப் பகுதியில் சூரியன் மறைந்த பிறகு மேல்வளியிலுள்ள மின்னூட்டப் படலத்தில் குமிழிகள் கிளம்பும். அவற்றின் ஊடே வரும் கோள்களின் அலை, வெயில் நேரத்துத் தார்ச்சாலையின் மேல் தெரியும் காட்சி போலத் துடிக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி இது அதிகம். சூரியனின் கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் மோசம். 2024 அப்படிப்பட்ட ஆண்டு. அந்த மார்ச் மாதத்தில் இரவு எட்டரை முதல் பத்து மணிவரை என் திரையில் பாலம் பேயாட்டம் ஆடியது. ரிசீவர் ஒவ்வொரு கோளாகப் பிடியை விட்டுக்கொண்டே வந்தது. ஆலோசகரை எழுப்பிக் கேட்டேன். ஆண்டெனாவை மாற்றச் சொன்னார். மாற்றினோம். புது ஆண்டெனாவும் ஆடியது.

இப்போது நாங்கள் அந்த நேரத்து அளவுகளுக்குத் தனிக் குறி போட்டு ஒதுக்கிவைக்கிறோம். விடியற்காலை மூன்று முதல் ஆறு மணிவரை கிடைப்பதுதான் எங்களுக்குத் தங்கம். சாய்வுமானியும் டோட்டல் ஸ்டேஷனும் அசையவில்லை என்று சொல்லும்போது ஜிபிஎஸ் மட்டும் கத்தினால், யாரையும் படுக்கையிலிருந்து எழுப்புவதில்லை.

லாரி ஓட்டுநர், ஜூரோங் வெஸ்ட்:

ஐயா, நான் படித்தவன் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் மலேசியாவுக்குப் போகும் துவாஸ் இரண்டாம் இணைப்புப் பாலத்தில் போய் வருகிறேன். நெரிசலில் நிற்கும்போது பக்கத்துத் தடத்தில் பெரிய லாரி போனால் என் இருக்கை லேசாக நடுங்குகிறது. கூட வரும் பையன் பயப்படுகிறான். நீங்கள் சொல்கிற கருவியில் இந்த நடுக்கம் தெரியுமா? பயப்பட வேண்டுமா?

பல்கலைக்கழக ஆய்வாளர், கிளமெண்டி:

அண்ணனுக்குப் பதில் வரும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் படித்தபோது அந்நாட்டின் ஹம்பர் பாலத்தைப் பார்க்கப் போனேன். 1981இல் திறந்த தொங்கு பாலம், நடு இடைவெளி 1,410 மீட்டர். அதன் கோபுரங்கள் இரண்டும் செங்குத்தாகவே நிற்கின்றன. ஆனாலும் பூமி உருண்டை என்பதால் உச்சிகளுக்கு இடையிலான தூரம் அடிகளுக்கு இடையிலான தூரத்தைவிட 36 மில்லிமீட்டர் அதிகம். காற்றிலும் பாரத்திலும் நடுத்தளம் சென்டிமீட்டர் கணக்கில் அசையும். எங்கள் பல்கலைக்கழகத்தார் 1990களிலேயே அங்கே ஜிபிஎஸ் வைத்து அளந்தார்கள்.

ஜப்பானின் அகாஷி கைக்கியோ பாலம் இன்னும் பெரிது. 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் வந்தபோது கோபுரங்கள் எழும்பியிருந்தன, தளம் போட்டிருக்கவில்லை. நிலமே விலகியதால் 1,990 மீட்டர் என்று வரைந்த இடைவெளி 1,991 ஆனது. 1998இல் அந்தப் புதிய அளவோடுதான் திறந்தார்கள்.

சிங்கப்பூரில் அப்படிப்பட்ட தொங்கு பாலம் இல்லை. இங்கே ஜிபிஎஸ் வைத்து அசைவு பார்த்ததில் எனக்குப் பிடித்தது பாலமே அல்ல. ராஃபிள்ஸ் பிளேஸில் 280 மீட்டர் உயரம் நிற்கும் ரிபப்ளிக் பிளாசாவின் உச்சியில் ஆண்டெனா பொருத்தி, கட்டடம் காற்றுக்கு எப்படி அசைகிறது என்று ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

நில அளவையாளர், ஈசூன்:

லாரி ஓட்டும் அண்ணனுக்கு: படிப்புக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. மேலாளரிடம் கேள்வி கேட்க நான் தயங்கினேன்; நீங்கள் நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் உணரும் நடுக்கம் ஜிபிஎஸ் கண்ணில் படாது. அது மில்லிமீட்டரும் அதற்குக் கீழும். ஜிபிஎஸ் நொடிக்கு நொடி தரும் அளவில் கிடைமட்டமாக ஒரு சென்டிமீட்டர், உயரத்தில் அதைப் போல இரு மடங்கு தடுமாற்றம் இயல்பாகவே இருக்கும். கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால்தான் உயரக் கணக்கு எப்போதும் மோசம். நடுக்கத்தைப் பிடிக்க அதிர்வுமானி வேண்டும். நீங்கள் போகும் அந்தப் பாலம் 1998 ஜனவரியில் திறந்தது. கட்டும்போதே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் அதன் கான்கிரீட்டுக்குள் அளவுமானிகளைப் பதித்து ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். நடுங்காத பாலம் என்று ஒன்று கிடையாது. பையனிடம் சொல்லுங்கள், லாரியின் இருக்கையே பாலத்தைவிட அதிகமாக ஆடுகிறது என்று.

ஜிபிஎஸ் நன்றாகப் பார்ப்பது மெதுவான அசைவை. தகரத் தடுப்பை எடுத்த பிறகு எனக்கு முதன்முறையாக அது தெரிந்தது. ஒரு மணி நேர அளவுகளைச் சராசரி எடுத்தால் தடுமாற்றம் பெரும்பாலும் அடங்கிவிடும். வெயில் ஏற ஏறத் தளத்தின் மேற்பரப்பு சூடாகி விரிகிறது, அடிப்பகுதி நிழலில் குளிர்ந்தே கிடக்கிறது. ஆகவே கான்கிரீட் பாலத்தின் நடுப்பகுதி சில மில்லிமீட்டர் மேல்நோக்கி வளைகிறது. இங்கே குளிர்காலம், கோடைகாலம் கிடையாது. அதனால் ஆண்டு முழுக்க நாள்தோறும் இதே ஏற்ற இறக்கம்தான்.

ஒரு நாள் மதியம் மூன்று மணி வாக்கில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து ஏறிவந்த கோடு திடீரென்று கீழே திரும்பியது. மறுபடியும் எவனாவது தகரத்தை நிறுத்திவிட்டானா என்று தளத்திலிருந்த உதவியாளரைக் கூப்பிட்டேன். தொலைபேசியில் அவர் குரலைவிட மழைச் சத்தம்தான் பலமாகக் கேட்டது.