மறு: மறு: மறு: அரோமடேஸ் – தமிழ்ல என்ன பேரு? திங்கள் அச்சுக்குப் போவுது, அவசரம்

குன்னூர் தம்பி எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்குற ஆம்பளைங்களுக்கு ஒரு துண்டறிக்கை தமிழ்ல பண்ணித் தரணும், குன்னூர் பெட்போர்டு அச்சகத்துல திங்கக்கிழமை காலைல கேப்பாங்க. ஊசில போற டெஸ்டோஸ்டிரோன்ல ஒரு பங்கை உடம்பே எஸ்ட்ரடையால்ங்கிற ஈஸ்ட்ரோஜனா மாத்திக்குது, மாத்துறது அரோமடேஸ்ங்கிற நொதி, அது கொழுப்புல நிறைய இருக்கு, அதனால தொப்பை போட்ட ஆளுக்கு மாத்துறதும் அதிகம். இவ்ளோதான் விஷயம், இத டீ பேக்டரில வேலை பாக்குற ஆளு நின்ன வாக்குல படிச்சுப் புரிஞ்சுக்கணும். எனக்கு வேண்டியது ரெண்டு பேரு. அரோமடேஸுக்கு ஒண்ணு, ஈஸ்ட்ரோஜனை ஏறாம இறங்காம வெச்சுக்குறதுக்கு ஒண்ணு. பழைய வரைவுல யாரோ "நறுமணமாக்கி நொதி"ன்னு போட்டிருக்காங்க, படிச்சா தைலக்கடை போர்டு மாதிரி இருக்கு.

கூடலூர் கெமிஸ்ட்ரி டீச்சர் எழுதியது:
தம்பி, நறுமணத்தை முதல்ல தூக்குங்க. அந்தக் காலத்துல வாசனைய வெச்சு அரோமேட்டிக்னு பேரு வெச்சுட்டாங்க, இப்ப அது ஆறு கார்பன் வளையமா சேர்ந்த பென்சீன் வளையத்தைத்தான் குறிக்கும். நம்மூர் யூகலிப்டஸ் தைலம் மூக்கைத் தொளைக்குது, ஆனா அதுல பெரும்பங்கா இருக்க சினியோல்ல பென்சீன் வளையமே கிடையாது. அதே ஷெல்ப்ல பக்கத்து பாட்டில் விண்டர்கிரீன் தைலம், அதுல இருக்கது மெத்தில் சாலிசிலேட், அது அசல் அரோமேட்டிக். பிளஸ் டூ பசங்ககிட்ட ரெண்டு பாட்டிலையும் குடுத்து எது அரோமேட்டிக்னு கேப்பேன், பாதி கிளாஸ் தப்பா சொல்லும். இங்க நடக்குறது, டெஸ்டோஸ்டிரோன்ல 19 கார்பன், அதுல ஒண்ணு கழண்டு 18 ஆவுது, முதல் வளையம் பென்சீன் மாதிரி ஆயிடுது. அதனால "வளையமாற்று நொதி".

கோத்தகிரி தமிழய்யா எழுதியது:
டீச்சர், வளையம்னா பொம்பளைப் புள்ளைங்க கைல போடுறதுதான் ஞாபகம் வரும். தொல்காப்பியர், சொல்லு சேரும்போது எழுத்து மாறுற மெய்பிறிதாதல், கூடுற மிகுதல், குறையுற குன்றல் மூணையும் திரிபுன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். பொன்னும் குடமும் சேர்ந்தா பொற்குடம், னகரம் போயி றகரம் வந்துச்சு, பொருள் கெட்டுச்சா? அப்படித்தான் இந்த மாற்றமும். "திரிநொதி"ன்னு வைங்க, நாலெழுத்துல முடிஞ்சுது. இன்னொண்ணு, ஈஸ்ட்ரோஜன்ங்கிற பேரே கிரேக்கத்துல மாட்டைக் கடிச்சு வெறி புடிக்க வைக்கிற ஈயோட பேருலருந்து வந்தது. ஈஸ்ட்ரோஜனும் ஈயிலதான தொடங்குது! நம்மகிட்ட ஈன்ங்கிற வேர் இருக்கு, கன்று ஈனுது, வாழை குலை ஈனுது. "ஈனியம்"னு வெச்சா வேரும் நம்மது, ஒலியும் ஒட்டி வருது.

மஞ்சூர் சிஸ்டர் எழுதியது:
ஐயா கோவிச்சுக்காதீங்க. ஊசி போட வந்த ஆம்பளைகிட்ட "உங்களுக்கு ஈனியம் கூடியிருக்கு"ன்னா ஈனம்னுதான் காதுல விழும், அடுத்த ஊசிக்கு வரமாட்டார். திரிநொதியும் அப்படித்தான், எங்க பக்கம் திரிஞ்சுபோச்சுன்னா பால் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

கோத்தகிரி தமிழய்யா எழுதியது:
பால் திரியுறதும் திரிபுதான் சிஸ்டர். கெட்டதா தயிரானதாங்குறது பாக்குறவங்க பார்வை.

ஊட்டி டாக்டர் எழுதியது:
பேரு எதுவா இருந்தாலும் ஈஸ்ட்ரோஜனுக்கு "பெண்மையூக்கி", "பெண் ஹார்மோன்" ரெண்டும் உள்ள வரக்கூடாது, இதுல நான் இறங்கி வரமாட்டேன். போன வாரம் ஒருத்தர் லேப் ரிப்போர்ட்டை நீட்டி "பெண் ஹார்மோன் 32 இருக்கு, பூஜ்யத்துக்குக் கொண்டாந்துருங்க"ன்னார். ஆம்பளைக்கு ஒரு மில்லி ரத்தத்துல எஸ்ட்ரடையால் 10லருந்து 40 பிக்கோகிராம் வாக்குல இருக்கறது வழக்கம்தான். அவரே யாரோ சொல்லி அனஸ்ட்ரோசோல் வாங்கித் தின்னுட்டிருக்கார், அது அரோமடேஸைத் தடுக்குற மாத்திரை, மாதவிடாய் நின்ன பெண்களோட மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி வாங்கினது. முழங்கால் வலி, ஆசையே இல்லன்னு புலம்புறார், ஈஸ்ட்ரோஜன் கீழ போனா அதான் நடக்கும். 1994ல ஒரு கேஸ் வெளியாச்சு, 28 வயசு ஆளு, டெஸ்டோஸ்டிரோன்ல குறையில்ல, ஆனா மரபணுக் கோளாறால உடம்பு ஈஸ்ட்ரோஜனை ஏத்துக்கல. அந்த வயசுலயும் எலும்பு நுனி மூடாம வளந்துக்கிட்டே இருந்தார், எலும்பு மெலிஞ்சு கெடந்துச்சு. 2013ல நல்ல ஆரோக்கியமான ஆம்பளைங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் உண்டாகாம தடுத்துப் பாத்தாங்க, கொழுப்பு ஏறுச்சு, ஆசை குறைஞ்சுது. அதனால துண்டறிக்கைல "தடுப்பான்"ங்கிற மாத்திரைய கடைசி வரில வைங்க. மார்க்காம்பு கூசுது, மார்பு வீங்குதுன்னா முதல்ல டோஸைக் குறைப்போம், இல்லன்னா அதே டோஸைப் பிரிச்சு அடிக்கடி சின்னதாப் போடுவோம், எடையக் குறைக்கச் சொல்லுவோம்.

குன்னூர் தம்பி எழுதியது:
நன்றி டாக்டர். அப்ப "ஈஸ்ட்ரோஜன் சமநிலை"ன்னு தலைப்பு போடலாமா?

கூடலூர் கெமிஸ்ட்ரி டீச்சர் எழுதியது:
எதுக்கும் எதுக்கும் சமம்? சமநிலைன்னா ரெண்டு தட்டு வேணும். டெஸ்டோஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் பாதிப்பாதின்னு எவனாவது படிச்சுட்டுப் போவான்.

மஞ்சூர் சிஸ்டர் எழுதியது:
"மட்டம்"னு போட்டா? கவாத்துக்கத்தி புடிச்ச ஆளுக்கு மட்டத்துல வெட்டுறது வேற, வேரோட புடுங்குறது வேறன்னு நாம சொல்லித்தர வேண்டாம்.

ஊட்டி டாக்டர் எழுதியது:
சொல்லு நல்லாதான் இருக்கு சிஸ்டர், ஆனா தலைப்பா "மட்டமான ஈஸ்ட்ரோஜன்"னு படிப்பாங்க.

கோத்தகிரி தமிழய்யா எழுதியது:
"அளவுபேணல்". மிகினும் குறையினும் நோய்செய்யும்னு வள்ளுவர் மருந்து அதிகாரத்தை இதுக்குத்தான் தொடங்கினார்னு வெச்சுக்குங்க. பேணுங்க, ஆனா பேணப்படுற பொருளுக்கு மட்டும் ஏன் ஈஸ்ட்ரோஜன்னு கடன் பேரு? ஹார்மோனுக்கு இயக்குநீர் இருக்கு, அதையும் தொட மாட்டேங்கிறீங்க.

கூடலூர் கெமிஸ்ட்ரி டீச்சர் எழுதியது:
பள்ளிப் பாடப்புத்தகத்துலயே ஹார்மோன்னுதான் அச்சடிச்சிருக்கு ஐயா. என்ஸைமுக்கு நொதின்னு பழகிட்டாங்க, அது நின்னுச்சு. நிக்கறத வெச்சுப்போம்.

குன்னூர் தம்பி எழுதியது:
கரண்ட் போயிட்டுப் போயிட்டு வருது, இதோட முடிச்சுக்குறேன். தலைப்பு "ஈஸ்ட்ரோஜன் அளவுபேணல்". உள்ள "ஈஸ்ட்ரோஜனை அளவா வெச்சுக்குறது"ன்னே எழுதிடுறேன். அரோமடேஸ் முதல் இடத்துல "டெஸ்டோஸ்டிரோனை மாற்றும் நொதியான அரோமடேஸ்", அப்புறம் வெறும் அரோமடேஸ். டாக்டர், டீச்சர், சிஸ்டர் மூணு பேரும் சரின்னுட்டாங்க.

கோத்தகிரி தமிழய்யா எழுதியது:
மூணு பேரும் களைச்சுப்போயி சரின்னாங்க, அது ஒப்புதல் இல்ல. "மாற்றும் நொதி"ன்னா உடம்புல இருக்க பாதி நொதி மாத்தத்தான செய்யுது, எந்த மாற்றத்தைன்னு அந்தச் சொல்லு சொல்லுதா? திரிநொதிக்கு என் ஓட்டு அப்படியே நிக்குது, பதிவு பண்ணிக்குங்க. அது கெடக்கட்டும், ஆம்பளைக்கு மார்பு வீங்குதே, கைனகோமாஸ்டியா, அதுக்கு இன்னும் ஒருத்தரும் பேரு சொல்லலியே? "கொங்கை"ங்கிற சொல்லுல ஒரு வேர் இருக்கு,

ஊட்டி டாக்டர் எழுதியது:
தம்பி, "மார்பு வீக்கம்"னு போட்டு பிரஸ்ஸுக்கு அனுப்பிடுங்க. திங்கக்கிழமை வரைக்கும் ஐயாவுக்கு யாரும் பதில் போட வேண்டாம்.