ஒருவர் மட்டும் வாழ்ந்த ஊருக்கு மக்கள்தொகை இரண்டு என்று வந்தது எப்படி?

கரிசல்வாசி கேட்டது:
அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், பாய்டு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) மொனோவி என்றொரு ஊர் உள்ளது. 2010 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 1. அங்கிருந்தவர் ஒரு மூதாட்டி மட்டுமே. 2020 கணக்கெடுப்போ 2 என்கிறது. ஆனால் புதிதாக யாரும் குடிவரவில்லை என்று அந்த அம்மையாரே சொல்லியிருக்கிறார். இது எழுத்துப் பிழையா? மேலும், நம் நாட்டில் நகராட்சியாகவோ பேரூராட்சியாகவோ அறிவிக்கப்படாத ஓரிடத்தைக் கணக்கெடுப்பில் நகரமாகச் சேர்க்கவே குறைந்தது 5,000 பேர் வேண்டும் என்றிருக்க, ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு ஓர் ஊராட்சி அங்கே எப்படி நீடிக்கிறது?

எண்கணக்கன் எழுதியது:
பிழையன்று, தெரிந்தே செய்தது. தனிநபர் விவரங்களை வெளியிடக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒருவரே வாழும் ஊரின் வயது, பாலினம், இனம் ஆகியவற்றை அட்டவணையாக அச்சிட்டால் அந்த ஒருவரைப் பற்றிய எல்லாமே வெளியாகிவிடும். ஆகவே 2020இல், மாநில மொத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குக் கீழுள்ள இடங்களின் எண்களைச் சிறிதளவு கூட்டியோ குறைத்தோ வெளியிட்டார்கள். பெருநகரத்தில் ஒன்றிரண்டு கூடினால் யாருக்கும் தெரியாது. மொனோவியிலோ அது மக்கள்தொகையை இரட்டிப்பாக்கிவிட்டது! அந்த இரண்டாம் ஆள் தாளில் மட்டுமே குடியிருப்பவர்.

மேற்குத்திண்ணை எழுதியது:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சட்டப்படி ஒருமுறை உருவான ஊராட்சி, ஆள் குறைந்தது என்பதற்காகத் தானாகக் கலைந்துவிடுவதில்லை. அந்த அம்மையாரே மேயர், எழுத்தர், பொருளாளர் எல்லாம். அவர் நடத்திய மதுக்கடையுடன் கூடிய சிற்றுணவகத்துக்கு உரிமம் கேட்பவரும் அவரே, கையெழுத்திடுபவரும் அவரே. தெருவிளக்குச் செலவுக்குத் தம்மிடமே வரி வசூலித்துக்கொண்டார். மாநில நிதியைப் பெற ஆண்டுதோறும் சாலைத் திட்டமும் எழுதி அனுப்பினார். இதைக் கேட்டு நாம் சிரித்தாலும், அந்தக் கடை சுற்றுவட்டார விவசாயிகளும் லாரி ஓட்டுநர்களும் வந்து அமர்ந்து பேசும் இடமாக இருந்தது என்பதை மறக்கக் கூடாது. 2004இல் மறைந்த கணவர் சேர்த்த ஏறத்தாழ 5,000 புத்தகங்களை, அவர் பெயரிலேயே ஒரு சிறு கொட்டகையில் நூலகமாகவும் வைத்திருந்தார்.

எண்கணக்கன் மீண்டும் எழுதியது:
விந்தைச் செய்தியாக மட்டும் இதைப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1930களில் அங்கே 150 பேர் வரை இருந்தனர். பண்ணைகள் பெரிதாகி, இயந்திரங்கள் வந்து, வேலைக்கு ஆள் தேவை குறைந்ததும் இளையோர் வெளியேறினர். 1970க்குள் அஞ்சலகமும் கடைசி மளிகைக் கடையும் மூடப்பட்டன, 1974இல் பள்ளியும் போயிற்று. பள்ளி இல்லாத ஊரில் பிள்ளை பெற்றவர்கள் தங்குவார்களா? 2000இல் எஞ்சியது கணவனும் மனைவியும்தான். கவுண்டி முழுவதையும் பார்த்தாலும் 1910இல் 8,000க்கு மேல் இருந்தவர்கள் 2010இல் 2,099 ஆகி, 2020இல் 1,810 ஆகிவிட்டார்கள்.

கரிசல்வாசி எழுதியது:
இருவருக்கும் நன்றி. அந்த 1,810 என்பதிலும் இந்தக் கூட்டல் கழித்தல் இருக்குமல்லவா?

எண்கணக்கன் எழுதியது:
இருக்கும். ஆனால் அந்த அளவு எண்ணில் அது பொருட்படுத்தத் தக்கதன்று. கவுண்டி எண்ணைத் தயங்காமல் எடுத்தாளலாம்.