மறு: ‘அன்கன்ஃபார்மிட்டி’க்குத் தமிழ்ச்சொல் – ‘விடுபடுகை’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஐயா, அக்கா, இருவர் மடலையும் படித்தேன். இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். சேலத்தில் எங்கள் பகுதிப் பிள்ளைகளின் அறிவியல் வட்டத்துக்காக, இங்கிலாந்தின் ஜுராசிக் கடற்கரை பற்றி ஒரு சிறு நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். டார்செட், கிழக்கு டெவன் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர் நீளும் கரை அது. 18.5 கோடி ஆண்டு வரலாறு கடலோரச் சரிவுகளில் அடுக்கடுக்காகத் தெரிகிறது. 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. லைம் ரீஜிஸில் பிறந்த மேரி ஆனிங், 1823இல் பிளீசியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டை முழுசாக எடுத்த கதை வரை எழுத்து தடையில்லாமல் ஓடியது. கோல்டன் கேப் குன்றுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

191 மீட்டர் உயரக் குன்று. கீழே தொடக்க ஜுராசிக் காலப் பாறை. உச்சியில் தொப்பி வைத்ததுபோல் மஞ்சள் மணற்பாறை, அது ஜுராசிக்கை அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்தது. இரு காலத்து அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித்தான் கிடக்கின்றன. ஆனால் நடுவில் ஏழெட்டுக் கோடி ஆண்டுகளைக் காணோம். இடையில் படிந்தவை நிலம் உயர்ந்து சாய்ந்தபோது அரித்துப் போயின. அரித்த தரைமேல் மறுபடி கடல் ஏறிப் புது மண்ணைப் படியவைத்தது. ஆங்கிலத்தில் ‘அன்கன்ஃபார்மிட்டி’ எனும் அந்தச் சந்திப்புக்குத்தான் தமிழில் சொல் வேண்டும்.

> நான் வகுப்பில் ‘இசைவின்மை’ என்றே சொல்லிக்கொடுத்தேன். அதுவே போதுமே, தம்பி.

ஐயா, உங்களிடம் படித்தவர்களுக்கு அது போதும். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு இசைவு என்றால் சம்மதம். சுற்றுலாவுக்குப் பெற்றோரிடம் இசைவுக் கடிதம் வாங்கி வருகிறார்கள். அவர்களிடம் இசைவின்மை என்றால், யார் சம்மதிக்கவில்லை என்றுதான் கேட்பார்கள். ‘ஒவ்வாப் படுகை’யும் யோசித்தேன். ஒவ்வாமை என்ற சொல்லைத் தோல் மருத்துவர்கள் எடுத்துக்கொண்டு வெகுநாள் ஆயிற்று.

> ‘காலப்பிளவு’ கேட்கவே நன்றாக இருக்கிறதே?

நன்றாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனால் பிளவு என்றால் பாறை வெடித்து விலகுவது. நிலநடுக்கப் பாடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது. கோல்டன் கேப்பில் எதுவும் வெடிக்கவில்லை. ஒரு பகுதி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ‘விட்டுப்போதல்’தான் எனக்கு வழிகாட்டியது. அம்மாபேட்டையில் பட்டுத் தறி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நெய்த சேலை ஒன்றை விரித்துக் காட்டினார். ஊடை ஒன்று விடுபட்டால் மேல் இழையும் கீழ் இழையும் நெருங்கி உட்கார்ந்துவிடும், ஓட்டை தெரியாது, கோலம் மட்டும் பொருந்தாது என்றார். விரலால் தடவிப் பார்த்தேன். துணி வழவழவென்றுதான் இருந்தது. ஒரு பூவின் இதழ் மட்டும் குட்டையாக இருந்தது. அரித்துப் போனதற்கும் நெய்யாமல் விட்டதற்கும் வேறுபாடு உண்டு, தெரியும். ஆனால் கண்ணுக்குப் படுவது இதேதான்.

அதனால் என் முன்மொழிவு: விடுபடுகை. விடுபடு என்ற வினையோடு ‘கை’ சேர்ந்தால் விடுபடுதல். விடு + படுகை என்று பிரித்தால் விட்டுப்போன படுகை. இரண்டு வழியிலும் பொருள் பொருந்துகிறது. காவிரிப் படுகை என்று ஆற்றுநிலத்துக்கு வழங்குவதால் குழப்பம் வருமா என்று யோசித்தேன். ‘விடு’ முன்னால் நிற்பதால் வராது என்றே படுகிறது.

> காணாமல் போன அடுக்குக்கா பெயர் வைக்கிறாய்? அன்கன்ஃபார்மிட்டி என்பது ஒரு பரப்பு.

இது சரியான பிடி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். கறாராக எழுதும் இடத்தில் ‘விடுபடுகைத் தளம்’ என்று போடலாம். காணாமல் போன காலத்துக்குத் தனிச்சொல் வேண்டாம், ‘விடுபட்ட காலம்’ என்றாலே பிள்ளைகளுக்குப் புரியும். வகைகளுக்கும் சொல் வளைந்துகொடுக்கிறது. 1788இல் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் படகில் போய்ப் பார்த்த ஸ்காட்லாந்தின் சிக்கார் முனையில், கிட்டத்தட்ட நட்டமாக நிற்கும் பழைய பாறைமேல் செம்மணற்பாறை லேசான சாய்வில் கிடக்கிறது. அது கோண விடுபடுகை. மேலும் கீழும் இணையாகக் கிடந்தால் இணை விடுபடுகை. பழைய படிகப்பாறைமேல் படிவுப்பாறை நேராக உட்கார்ந்தால் அடிப்பாறை விடுபடுகை.

இந்தக் கடைசி வகை நம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். போன தை மாதம் பிள்ளைகளைப் பெரம்பலூர்ப் பக்கம் காரைக்குக் கூட்டிப்போனேன். புல் முளைக்காத செங்களிமண் மேடுகள். வெயிலில் ஜிப்சம் தகடுகள் மின்னின. ஒரு பெண் குனிந்து, சுண்டுவிரல் பருமனில் தோட்டா போன்ற ஒன்றைக் காட்டினாள். பெலம்னைட், கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உள்ளோட்டுப் பகுதி. பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டோம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தருவதும் அந்தக் கடலின் படிவுகள்தான்.

அந்தக் கடல் ஏறிப் படிந்த அடிப்பாறை எது? சார்னோக்கைட், நைஸ் என்ற பழைய படிகப்பாறைகள். ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் வெட்டி நிற்கிறதே, நீலம் பாய்ந்த கருங்கல், அதே இனம். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். ஆக, இடையில் விடுபட்ட காலம் 240 கோடி ஆண்டுகள். கோல்டன் கேப்பில் விடுபட்டதைப்போல் முப்பது மடங்கு! திரும்பி வரும்போது பேருந்தில் ஒரு பையன் கேட்டான்: “அப்போ ஏற்காட்டு மேல இப்போ எதுவும் படியலையே, அதுக்கு என்ன பேரு?” எனக்கு மெய்சிலிர்த்தது. சேர்வராயன் மலை இன்று மழையில் அரித்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் என்றோ ஒரு நாள் கடலோ ஆறோ மண் கொண்டுவந்து போட்டால், நாம் இன்று நடக்கும் தரையே விடுபடுகைத் தளம் ஆகிவிடும்.

சேலத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் வேண்டும் என்று நான் இவ்வளவு அடம்பிடிப்பது அதனால்தான். நம் மலையில் புதைபடிவம் கிடைக்காது. கடும் வெப்பத்தில், அழுத்தத்தில் உருமாறிய பாறை. அதனால் நம் ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஐயா, அடிப்பாறை விடுபடுகை என்பதில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் மாற்று சொல்லுங்கள். அக்கா, ‘விடுபடுகைத் தளம்’ என்பதில் ஒற்று மிகுவது சரிதானே? புதன்கிழமை மூன்றாம் பாடத்தை அச்சுக்குக் கொடுக்கிறேன், அதற்குள் எழுதினால் திருத்திவிடலாம்.