டகோட்டா விமான மொடல் வெடிக்குது, காப்பாத்த ஏலுமா?

அட்டன் பொடியன்:
வணக்கம். 1975இல தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போன நேரம், பங்களா மேசையில இருந்த டகோட்டா மொடலைத் துரைக்கிட்ட இருந்து எங்க தாத்தா வாங்கினாராம். அவர் கிளாக்கரா இருந்தவர். இறக்கை நுனிக்கு நுனி 40 சென்டிமீட்டர். மூக்குக்கிட்ட மங்கலா ‘சீதா தேவி’ன்னு இங்கிலீஷ் எழுத்து. இப்ப வெள்ளை மாவு பூக்குது, இறக்கை அடியில முடி மாதிரி வெடிப்பு. போன கிழமை வால் துண்டு ஒன்னு கையோட வந்துருச்சு. அலுமினியம்தானே, பொலிஷ் போட்டுத் தேய்க்கலாமா?

பண்டாரவளை அக்கா:
ஐயோ தம்பி, தேய்க்காதீங்க! எழுத்தும் சேர்ந்து போயிரும். 1947இல எயார் சிலோன் விமானக் கம்பெனி தொடங்கினப்ப இருந்த மூனு டகோட்டாவுல ஒன்னுதான் சீதா தேவி. மத்த ரெண்டும் விகாரமகா தேவி, சுனேத்ரா தேவி. நிஜ விமானத்துக்கு இறக்கை 29 மீட்டர், அப்ப உங்களுடையது 72இல ஒரு பங்கு. முதல்ல அந்த எழுத்தைப் போட்டோ எடுங்க.

நானுஓயா மெக்கானிக்:
அலுமினியம் மாவு பூக்கும், இப்படித் தானா வெடிக்காது. உடைஞ்ச துண்டை நகைக்கடைத் தராசுல நிறுங்க. பிறகு 20 மில்லி ஊசிக் குழாயில தண்ணி விட்டு, துண்டைப் போட்டு எவ்வளவு ஏறுதுன்னு பாருங்க. மொடலை நனைச்சிராதீங்க.

அட்டன் பொடியன்:
13 கிராம். தண்ணி 2 மில்லி ஏறுச்சு. உடைஞ்ச வாய் சாம்பல் நிறம், சீனி மாதிரி பொருபொருன்னு இருக்கு.

நானுஓயா மெக்கானிக்:
13ஐ 2ஆல பிரிச்சா, மில்லிக்கு ஆறரை கிராம் வருது. அலுமினியம்னா 2.7தான். இது நாகம், அதாவது சிங்க் உலோகக் கலவை. வார்க்கும்போது ஈயம் கொஞ்சம் சேர்ந்துட்டா, ஈரம் பட்டு உள்ளுக்குள்ளேயே அரிச்சு, ஊதி வெடிக்கும். மருந்து கிடையாது தம்பி, தள்ளிப்போடத்தான் ஏலும். எங்க வச்சிருக்கீங்க?

அட்டன் பொடியன்:
அடுப்படிக்குப் பக்கத்து மர அலுமாரியில, அந்துருண்டை போட்டு. தம்பியோட பழைய பொம்மைக் காரும் அதுக்குள்ளதான். அதுக்கும் தொத்துமா?

நானுஓயா மெக்கானிக்:
தொத்தாது. அது வார்ப்பிலேயே வந்த கோளாறு. ஆனா சோறு அவியுற ஆவியும், மரத்துல இருந்து வர்ற புளிச்ச ஆவியும் நல்லதில்ல. அந்துருண்டை பெயின்டை இளக்கும், எடுத்துருங்க. இறுக்கி மூடுற பிளாஸ்டிக் பெட்டியில, ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லோட வைங்க. நம்ம மூடுபனிக்கு அது சீக்கிரம் ஊறிப்போகும், அடிக்கடி சூடாக்கிக் காயவைக்கணும். இறக்கையைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது. வாலை இப்ப ஒட்டாதீங்க, துண்டைத் தனியா வைங்க.

அட்டன் பொடியன்:
நன்றி அண்ணே. போட்டோ எடுத்தாச்சு, பெட்டியும் வாங்கியாச்சு. அம்மாதான் அதைத் தீபாவளிப் பலகாரத்துக்குன்னு பார்த்துக்கிட்டு இருக்காங்க.